குளியல் அறையைப் புதுப்பிக்கப் போகிறீர்களா?

வழவழவென்று டைல் பதித்து, வெள்ளிபோல் மின்னும் குழாய்கள் மாட்டி, கல்யாண வீடு மாதிரி ஜோடித்த குளியல் அறை அது. சென்னை மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்கு வீட்டில், இரண்டாவது மாடி. வேலை முடிய ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை துண்டும் சோப்புப் பெட்டியுமாக எதிர் வீட்டுக்குப் போய்க் குளித்து வந்தோம். மூன்றாம் மாதம் ஒருநாள் காலை, கீழ் வீட்டு அம்மாள் படியேறி வந்தார்.

"தம்பி, நீங்க குளிச்சா எங்க வீட்டிலே மழை பெய்யுது. கொஞ்சம் வந்து பாருங்க" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னார். போய்ப் பார்த்தேன். அவர் வீட்டுக் குளியல் அறையின் கூரையில் ஓதம் படர்ந்திருந்தது. பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. குழாய் இறங்கும் மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர். கீழே ஒரு வாளி வைத்திருந்தார்.

புதிதாகப் பதித்த டைல் அத்தனையையும் உடைத்து, மறுபடி முதலிலிருந்து செய்தோம். ஒரே குளியல் அறைக்கு இரண்டு தடவை பணம் கொடுத்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

குற்றம் எங்கே?

முன்பெல்லாம் குளியல் அறை கொல்லைப்புறத்தில் இருந்தது. கசிந்த தண்ணீர் வாழைக்குப் போயிற்று. மாடி வீட்டில் அப்படி இல்லை. நம் குளியல் அறைத் தரை இன்னொருவர் வீட்டுக் கூரை.

அடுக்கு வீடுகள் பலவற்றில் குளியல் அறைத் தளத்தை மட்டும் முக்கால் அடி, ஓர் அடி பள்ளமாக இறக்கிக் கட்டியிருப்பார்கள். மேஸ்திரிகள் இதைச் 'சங்கன் ஸ்லாப்' என்பார்கள். குழாய்களை அந்தப் பள்ளத்தில் ஓட்டி, செங்கல் துண்டும் கலவையுமாக நிரப்பி, அதன்மேல் டைல் பதிக்கிறார்கள். டைல் தண்ணீரைத் தடுக்கும். இரண்டு டைலுக்கு நடுவே அடைக்கும் வெள்ளை சிமெண்டு தடுக்காது. தினமும் சிறிது நீர் அதன் வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. தேங்கிய நீர் குழாயைச் சுற்றியுள்ள சந்தில் வழி தேடிக்கொள்கிறது. அதைத் தடுப்பது டைலுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு ஒன்றுதான். பழைய தரையைப் பெயர்க்கும்போது சுத்தியல் அடியில் அந்தப் பூச்சும் போய்விடும். எங்கள் வீட்டிலும் போயிற்று. மறுபடி பூசியிருக்க வேண்டும். காண்டிராக்டர் பூசவில்லை. நானும் கேட்கவில்லை; கடை கடையாக ஏறி டைலுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன்!

இந்தப் பூச்சைத் தரைக்கு மட்டும் பூசினால் போதாது. சுவரிலும் ஓர் அடியாவது ஏற வேண்டும். ஷவர் இருக்கும் சுவரில் ஆள் உயரத்துக்குப் பூசுவது நல்லது. சுவரும் தரையும் சேரும் மூலையில் சாந்தை வளைவாகக் கொடுத்து, அதன்மேல் பூச வேண்டும். விரிசல் அங்கேதான் முதலில் விடும். ஒரு கை பூசி, காய்ந்த பிறகு குறுக்கு வாட்டில் மறு கை.

தண்ணீர் கட்டிப் பாருங்கள்

பூச்சு காய்ந்ததும், டைல் பதிக்குமுன், ஜலதாரையை அடைத்துவிட்டுத் தரையில் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். நீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கட்டாயம். 48 மணி நேரமானால் உத்தமம். பிறகு கீழ் வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். "இதெல்லாம் எதுக்கு சார், ரெண்டு நாள் வேலை வீணாகும்" என்பார் மேஸ்திரி. ஆகட்டும். சுவருக்குள் போகும் குழாய்களையும் பூசி மூடுவதற்குமுன் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வாட்டம். தரை ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது ஜலதாரைப் பக்கம் சரிய வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதோடு, ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றியும் பாருங்கள். தானாக ஓட வேண்டும். 'பழைய டைலை உடைக்க வேண்டாம், மேலேயே பதித்துவிடலாம்' என்று சிலர் சிக்கனம் சொல்வார்கள். தரை உயர்ந்து, குளித்த நீர் படுக்கை அறைக்குள் எட்டிப் பார்க்கும்.

தண்ணீர் போகும் வாயில் இருக்கிற வளைந்த கிண்ணத்துக்குப் பிளம்பர்கள் 'நானி டிராப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் சுமார் இரண்டு அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடை நாற்றத்துக்கு அதுதான் தாழ்ப்பாள். ஊருக்குப் போய்த் திரும்பினால் அறை நாறுவதற்குக் காரணம், அந்தத் தண்ணீர் வற்றியதுதான். ஒரு சொம்பு நீர் ஊற்றினால் சரியாகிவிடும். மலத்தொட்டிக் குழாயை வளைத்து நீர் நிறுத்தும் உபாயத்துக்கு 1775-ல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங். அவர் தொழில் கடிகாரம் செய்வது!

கம்மோடு வாங்கப் போகிறவர்கள், அதற்குமுன் சுவரிலிருந்து கழிவுத் துவாரத்தின் நடுப்பகுதி வரை அளந்துகொள்ளுங்கள். 9 அங்குலம், 12 அங்குலம் என்று அளவு மாறும். அளவு பொருந்தாவிட்டால் தளத்தைக் கொத்த வேண்டி வரும்.

அம்மா வழுக்கி விழுந்தால்?

முதல் தடவை நாங்கள் வாங்கியது கண்ணாடிபோன்ற டைல். என் தாயாருக்கு 70 வயது. சோப்பு நீரில் இரண்டு தடவை சறுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினார். இரண்டாம் தடவை சொரசொரப்பான டைல் வாங்கினோம். கம்மோடு பக்கத்தில் ஒரு கைப்பிடியும் வைத்தோம். கைப்பிடியைச் சுவரின் செங்கல்வரை ஆழமாக முடுக்க வேண்டும். துண்டு போடும் கம்பியை நம்பித் தொங்கினால் கம்பியோடு விழ வேண்டியதுதான். கதவு வெளிப்பக்கம் திறந்தால் நல்லது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

வெந்நீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மின்சாரக் கீசருக்கு எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் அவசியம். கீசர் சுவிட்சு அறைக்கு வெளியே இருக்கட்டும். கேஸ் கீசரை மூடிய குளியல் அறைக்குள் வைக்கவே கூடாது. எரிவாயு சரியாக எரியாவிட்டால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. குளிப்பவர் தெரியாமலே மயங்கிவிடுவார்; உயிரும் போகலாம்.

சுவரைப் பூசி மூடுமுன், அளவு நாடாவை அருகில் பிடித்துக் குழாய்கள் போகும் வழியைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது குழாயில் துளை விழாது. மிச்சமான டைலில் ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள். அதே நிறம் அடுத்த வருஷம் கடையில் கிடைக்காது.

இரண்டாம் தடவை தண்ணீர் கட்டிய 48 மணி நேரமும் கீழ் வீட்டு அம்மாள் தன் வாளியை அதே மூலையில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் காலை அந்த வாளியில் துணி ஊற வைத்திருந்தார்.