விலகும்போதும் ஒரு கடிதம் வேண்டும்

வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கேட்க வேண்டும் என்பதை எமது பெண்களில் பலர் இன்று அறிந்திருக்கிறார்கள். வேலையை விட்டு விலகும்போதும் தொழில் வழங்குநரிடமிருந்து எழுத்தில் ஒரு பதில் வர வேண்டும் என்பதை அறிந்தவர்கள் குறைவு. "நாளையிலிருந்து வரமாட்டன்" என்று இவர் சொல்ல, "சரி, போம்" என்று அவர் சொல்ல, பல வருட உழைப்பு வாய்வார்த்தையில் முடிந்து விடுகிறது.

போரில் கணவரை இழந்த ஒரு சகோதரியை எனது வேலையின்போது சந்தித்தேன். வன்னியில் முப்பதுக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் பொதியிடும் நிலையம் ஒன்றில் ஆறு வருடங்கள் வேலை செய்தவர். தாயார் பாரிசவாதத்தில் விழுந்ததால் விலகினார். இராஜினாமாக் கடிதத்தை மேற்பார்வையாளரிடம் கொடுத்தார். பிரதி எடுக்கவில்லை, பதிலும் வரவில்லை. பின்னர் பணிக்கொடை கேட்டுப் போனபோது, "நீர் சொல்லாமல் நின்றனீர், ஒண்டும் தர ஏலாது" என்றார்கள்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 5 வருடங்கள் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம் 30 நாட்களுக்குள் வழங்கப்பட வேண்டும். தானாக விலகினாலும் இது உண்டு. இச் சகோதரியின் கடைசிச் சம்பளம் 30,000 ரூபா. ஆறு வருடத்துக்கு 90,000 ரூபா. சொல்லாமல் நின்றவருக்குக்கூட அக்காரணத்தால் மட்டும் இப்பணம் இல்லாமற் போகாது. ஆனால் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பதைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்து, ஊழியர் சேமலாப நிதிப் பதிவுகளைக் கொண்டு திகதிகளை நிறுவி, பணம் கைக்கு வர எட்டு மாதங்கள் சென்றன. தாயாரின் மருந்துச் செலவு எட்டு மாதம் காத்திருக்குமா?

ஒரு சிறிய பதில் இருந்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. இப்படி எழுதினாலே போதும்:

"தங்களது இராஜினாமாக் கடிதம் இன்று கிடைத்தது. அதனை ஏற்றுக்கொள்கிறோம். தாங்கள் இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை இன்ன பதவியில் கடமையாற்றினீர்கள். மீதிச் சம்பளமும் பணிக்கொடையும் இன்ன திகதிக்கு முன் வழங்கப்படும். தங்கள் சேவைக்கு எமது நன்றி."

பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். சேமலாப நிதி இலக்கத்தையும் எழுத வேண்டும். விலகியவர்மேல் உள்ள கோபத்தை இக்கடிதத்தில் கொட்டுவது அழகல்ல. திருமணத்தின் காரணமாக விலகுபவராயின் அதையும் குறிப்பிடுவது நல்லது. சேமலாப நிதியைப் பெண்கள் பொதுவாக 50 வயதிலேயே எடுக்கலாம், திருமணத்தால் விலகுபவர் அதற்கு முன்னரும் கோரலாம்.

இது பெரிய முதலாளிமாருக்கு மட்டும் சொல்வதல்ல. எமது மாதர் சங்கங்களும் தையல் நிலையங்களும் இன்று நாலைந்து பிள்ளைகளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கின்றன. "எங்கட பிள்ளைதானே, கடிதம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். எங்கட பிள்ளை என்றால் முதலில் அவளுக்கே அல்லவா எழுதிக் கொடுக்க வேண்டும்!

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. விலகாத பெண்ணிடம் வெற்றுக் கடதாசியில் கையொப்பம் வாங்கி, பிறகு "உமது இராஜினாமாவை ஏற்றுக்கொண்டோம்" என்று கடிதம் அனுப்பும் இடங்களும் உள்ளன. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், 15 பேருக்குக் குறையாத இடங்களில், ஒழுக்காற்றுக் காரணம் இன்றி ஒருவரை நிறுத்துவதற்கு அவரது எழுத்து மூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியையோ கோருகிறது. அந்தச் சம்மதத்தைத்தான் இப்படித் தந்திரமாக எடுக்கிறார்கள். அவ்வாறான கடிதம் வந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். "நான் இராஜினாமாச் செய்யவில்லை" என்று உடனே பதில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் பிரதியையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.