பல்வலியும் மாத்திரை அளவும்

ஏலாதி என்ற நீதிநூலை இயற்றிய கணிமேதாவியார் சமணர். நூலின் பெயரே ஒரு மருந்தின் பெயர்தான். ஏலம் முதலாக ஆறு சரக்குகள். ஒன்று, இரண்டு என்று ஆறு வரை பங்கு ஏறிக்கொண்டே போகும். மருந்து என்றால் முதலில் அளவு. இதைச் சங்க மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். என் பல்லுக்கு வந்தபோது மறந்துபோனேன்!

சென்ற ஆண்டு ஜெயநகரில் ஒரு மாலை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். டைக்ளோஃபெனாக் மாத்திரை, காலையும் இரவும் சாப்பிட்டபின் ஒன்று, மூன்று நாள் என்று எழுதிக்கொடுத்தார் டாக்டர். பொழுது சாய்ந்தபின் நான் உண்பதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. மரப்பு விட்டதும் உயிர் போகிற வலி. வெறும் வயிற்றில் போட்டேன். போதாதென்று, முழங்காலுக்கு வாங்கி மிச்சம் கிடந்த வலி மாத்திரையையும் சேர்த்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் மலம் தார் மாதிரி கறுத்தது. இரைப்பைப் புண்ணிலிருந்து ரத்தக் கசிவு. நான்கு நாள் ஆஸ்பத்திரிவாசம்.

காரணத்தைப் பிறகுதான் தேடிப் படித்தேன். புண்பட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகி வலியையும் வீக்கத்தையும் கூட்டுகிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971இல் காட்டியவர் இங்கிலாந்தின் ஜான் வேன். 1982இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் இரைப்பையின் உட்சவ்வைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்ப்பதும் அதே பொருள்தான். மாத்திரைக்குப் பல் எது, வயிறு எது என்று தெரியாது. சாப்பிட்டுப் போட்டால் எரிச்சல் குறையும்; புண்ணே வராது என்று சொல்ல முடியாது. இரண்டு வலி மாத்திரைகளைச் சேர்த்ததே என் பெரிய தவறு.

சிறுநீரகத்துக்கு ஒரு சாட்சி நம் பக்கத்திலேயே உண்டு. மைசூரு சாலையில் ராமநகரம் ராமதேவர பெட்டா 2012இல் பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயமானது. டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடுகளின் உடலைத் தின்று, சிறுநீரகம் கெட்டு, இந்தியாவெங்கும் அப்பறவைகள் மடிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதர் அவ்வளவு எளிதில் பாதிக்கப்படுவதில்லை. ஆனாலும் வயதானவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்போது என் வழக்கம் இது. பல் வேலையைக் காலையில் வைத்துக்கொள்கிறேன். இரவில் உண்ணாதவன் என்று சொல்லி நேரம் கேட்டுக்கொள்கிறேன். பாராசிட்டமாலை வெறும் வயிற்றிலும் போடலாம். ஆனால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம்தான் மேல்வரம்பு, 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே ஏறக்குறைய அந்த அளவு. கல்லீரல் நோயும் குடிப்பழக்கமும் உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. காம்பிஃப்ளாம் போன்ற கூட்டு மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள். முதல் நாள் கன்னத்தின் வெளியே ஐஸ் ஒத்தடம்; மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீர்க் கொப்பளிப்பு. மூன்றாம் நாள் வலி தணியாமல் ஏறினால், வாய் நாறினால், மாத்திரையைக் கூட்டாதீர்கள். பல் டாக்டரிடம் போங்கள். பல் இருந்த குழியில் ரத்தக்கட்டி பெயர்ந்திருக்கலாம்.

உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்று நால்வகைத் தானம் சொல்லும் சமணம். மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்கு நீட்டுவது அதில் சேராது.