சட்டத்தின் வாசலில் – 17: வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு

எழுபது வயது முதியவர் ஒருவர். காது கேட்காது. அவரிடம் இருந்தவை இரண்டு புரோநோட்டுகள்: ஒன்று 15,000 ரூபாய்க்கு, மற்றொன்று 5,000 ரூபாய்க்கு. கொடுத்த கடனை வசூலிக்க வழக்குப் போடும்படி, தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் அவற்றை ஒப்படைத்தார். வழக்குப் போட்டாயிற்று என்றார் வழக்கறிஞர். முதியவரும் நம்பினார். உண்மையில் எந்த நீதிமன்றத்திலும் எந்த வழக்கும் தாக்கலாகவில்லை. புரோநோட்டின் பேரில் வழக்குத் தொடரச் சட்டம் கொடுக்கும் கெடு மூன்று ஆண்டுகள். அது தாண்டிவிட்டால் கையெழுத்து எவ்வளவு உண்மையானாலும் நீதிமன்றம் கதவைத் திறக்காது.

விஷயம் பார் கவுன்சிலுக்குப் போனது. மாநிலப் பார் கவுன்சில் அந்த வழக்கறிஞரை ஆறு ஆண்டுகள் தொழில் செய்யக் கூடாது என்று இடைநீக்கம் செய்தது. மேல்முறையீட்டில் இந்தியப் பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. அதன்பின் உச்ச நீதிமன்றம். 1978-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, குற்றத்தை உறுதிசெய்துவிட்டுத் தண்டனையை மாற்றியமைத்தது. அந்த வழக்கறிஞர் இலவச சட்ட உதவிப் பணி செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும். நீதிபதி ஏ.பி.சென் இதற்கு உடன்படவில்லை. நம்பி வந்தவரை ஏமாற்றியவருக்குத் தண்டனையை இளக்கக் கூடாது என்பது அவர் கருத்து.

யார் சரி என்று சட்ட வகுப்புகளில் இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 2,500 ரூபாய்தான். வழக்கறிஞர்மீதான ஒழுங்கு நடவடிக்கை என்றால் ‘அவருக்கு என்ன தண்டனை’ என்பதோடு நம் சட்டம் நின்றுவிடுகிறது. ‘இவருக்கு என்ன கிடைத்தது’ என்றும் கேட்ட தீர்ப்பு அது. சென்ற வாரம் வக்காலத்து நாமாவில் நாம் கையெழுத்திட்டு எதையெல்லாம் ஒப்படைக்கிறோம் என்று பார்த்தோம். அப்படி ஒப்படைத்த நம்பிக்கை முறிந்தால் என்ன வழி என்பதை இந்த வாரம் பார்க்கலாம்.

தோற்பது குற்றமல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். வழக்குத் தோற்றதற்காக வழக்கறிஞர்மீது நடவடிக்கை எடுக்க முடியாது. ஒரு வழக்கில் இரண்டு தரப்பு இருந்தால் ஒரு தரப்பு தோற்றுத்தான் ஆக வேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்ன ஆலோசனை பிறகு தவறாகிப்போனால், அதுவும் தொழில் ஒழுங்கீனம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. சாதாரணக் கவனக்குறைவு வேறு. கட்சிக்காரரை ஏமாற்றும் எண்ணமோ, அவர் என்ன ஆனாலும் சரி என்ற அலட்சியமோ வேறு. நடவடிக்கைக்கு உரியது பின்னது.

எது கடமை என்பதை வழக்கறிஞர்கள் சட்டம், 1961-ன் கீழ் இந்தியப் பார் கவுன்சில் வகுத்த விதிகள் சொல்கின்றன. ஏற்றுக்கொண்ட வழக்கைத் தக்க காரணமும் போதிய முன்னறிவிப்பும் இல்லாமல் பாதியில் கைவிடக் கூடாது. எதிர்த்தரப்போடு தனக்குத் தொடர்பு இருந்தால் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும்; கேட்டால் காட்ட வேண்டும். ‘ஜெயித்தால் இவ்வளவு பங்கு’ என்று முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது. நிலத்தகராறிலும் விபத்து இழப்பீட்டு வழக்கிலும் இந்தப் பங்குப் பேச்சு எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பது நீதிமன்றப் பக்கம் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். சாதாரணமாக நடப்பதாலேயே அது சரியாகிவிடாது.

மூன்று வழக்குகள், மூன்று பாடங்கள்

ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கேஸ் கட்டைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது, கட்சிக்காரர்கள் அதிகம் சொல்லும் குறை. மத்தியப் பிரதேசத்தில் கூட்டுறவு வங்கி ஒன்றின் வழக்கறிஞர், 97,100 ரூபாய் தனக்கு வர வேண்டும் என்று கூறி வங்கியின் கோப்புகளைத் தர மறுத்தார். 2000-ல் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது: ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமையில்லை. பாக்கி இருந்தால் அதை வசூலிக்கத் தனி வழி உண்டு. கட்சிக்காரரின் வழக்கைப் பணயமாக வைக்க முடியாது.

இரண்டாவது, ராஜஸ்தான் வழக்கு. கட்சிக்காரரிடம் வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து, அவருக்கே தெரியாமல் சமரச மனுவாகி நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கறிஞருக்கு ஐந்தாண்டு இடைநீக்கத்தை உச்ச நீதிமன்றம் 2000-ல் உறுதிசெய்தது. ‘அவசரம், இப்போதே போட்டுக் கொடுங்கள், பிறகு டைப் அடித்துக்கொள்கிறேன்’ என்று யார் கேட்டாலும், எழுதப்படாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாவதும் ராஜஸ்தான்தான். நீதிபதி லஞ்சம் வாங்குபவர், 10,000 ரூபாய் அனுப்புங்கள் என்று கட்சிக்காரருக்குக் கடிதமே எழுதினார் ஒரு வழக்கறிஞர். அவரைத் தொழிலிலிருந்து நிரந்தரமாக விலக்கிய இந்தியப் பார் கவுன்சில், பிறகு தன் முடிவையே மறுபரிசீலனை செய்து, அவருடைய வயதையும் நெடுங்கால அனுபவத்தையும் காரணம் காட்டி வெறும் கண்டனத்தோடு விட்டது. 2001-ல் உச்ச நீதிமன்றம் அந்த இளக்கத்தை ரத்துசெய்து, நிரந்தர விலக்கலைத் திரும்பக் கொண்டுவந்தது. நெடுங்கால அனுபவம் மன்னிப்புக்குக் காரணமாக முடியாது. அத்தனை ஆண்டுகள் தொழிலில் இருந்தவருக்குத் தொழிலின் அறம் இன்னும் நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

புகார் எப்படிப் போகிறது?

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பதிவான வழக்கறிஞர் என்றால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு–புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்க வேண்டும். சட்டத்தின் 35-வது பிரிவு இதற்கு வழிசெய்கிறது. புகாரில் முகாந்திரம் இருப்பதாகக் கவுன்சில் கருதினால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். குழுவில் மூன்று பேர். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவர்களுக்கு உண்டு. விசாரணை முடிந்ததும் புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்கு இடைநீக்கம் செய்யலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம்.

ஓராண்டுக்குள் முடிவெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புகார் இந்தியப் பார் கவுன்சிலுக்குப் போய்விடும் என்கிறது 36பி பிரிவு. இந்தக் கெடு ஏட்டோடு நின்றுவிட்டதைக் கண்டுதான், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ஓராண்டு வரம்பை மாநிலக் கவுன்சில்கள் மதித்து நடக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முடிவு பிடிக்காவிட்டால் 60 நாட்களுக்குள் இந்தியப் பார் கவுன்சிலில் மேல்முறையீடு. அங்கிருந்து இன்னொரு 60 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றம்.

பலருக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு. புகார் கொடுத்தவரைச் சமாதானப்படுத்தி வாபஸ் வாங்க வைத்தாலும், அதை மட்டுமே காரணமாக்கி விசாரணையைக் கைவிட முடியாது. தொழிலின் மானம் இதில் அடங்கியிருக்கிறது என்பதால் வந்த விதி அது.

நிரூபிக்கும் பாரம் புகார் கொடுப்பவர்மேல்தான். ஒருவரின் பிழைப்பே போகக்கூடிய நடவடிக்கை என்பதால் சான்று வலுவாக இருக்க வேண்டும். ஆகவே ஃபீஸ் கொடுத்தால் ரசீது கேளுங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள். வக்காலத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். வழக்குத் தாக்கலானதும் அதன் சிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதினாறு இலக்கமுள்ள அந்த எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால், வழக்கு உண்மையிலேயே இருக்கிறதா, வாய்தா என்றைக்கு, சென்ற வாய்தாவில் என்ன நடந்தது என்பதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே தெரியும். புரோநோட்டுகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த அந்த முதியவரின் காலத்தில் இந்த வசதி இல்லை.

புகார் வேறு, வழக்கு வேறு

பார் கவுன்சிலில் புகார் கொடுத்துவிட்டால் இழந்த வழக்கு தானாக உயிர்பெற்றுவிடும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. வழக்கறிஞர் ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகிவிட்டதா? அதை ரத்துசெய்ய மனுப்போட 30 நாட்கள்தான் அவகாசம். முதல் வேலை, வேறொரு வழக்கறிஞரை வைத்து அந்த மனுவைப் போடுவது. தாமதமாகிவிட்டால் தாமதத்தை மன்னிக்கும் மனுவும் சேர்த்து. புகார் அதற்குப் பிறகுதான். வழக்கறிஞரின் தவறுக்காக ஒன்றுமறியாத கட்சிக்காரர் தண்டிக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-ல் சொல்லி, ஆஜராகாத வழக்கறிஞரிடமிருந்தே செலவுத் தொகையை வசூலிக்க உத்தரவிட்டது. அதற்காக நீதிமன்றங்கள் எப்போதும் இரக்கம் காட்டும் என்று இருந்துவிடக் கூடாது. பல ஆண்டுகள் வழக்கை எட்டியே பார்க்காத கட்சிக்காரரை அவை ஏற்பதில்லை.

இழந்தவருக்கு என்ன?

இனி என் ஆதங்கத்துக்கு வருகிறேன். 35-வது பிரிவு வரிசையாகச் சொல்லும் தண்டனைகளில் கட்சிக்காரருக்கு இழப்பீடு என்பது இல்லவே இல்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்ற நம்பிக்கையும் 2024 மே 14 அன்று முடிந்தது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிவில் வழக்கும், மோசடி நடந்திருந்தால் குற்ற வழக்கும் தொடரலாம்தான். ஆனால், ஒரு வழக்கில் எல்லாவற்றையும் இழந்தவரிடம் ‘இன்னொரு வழக்குப் போடு’ என்று சொல்வது எப்படி நிவாரணமாகும்?

வழி தெரியாமல் இல்லை. சட்ட ஆணையம் 2017-ல் அளித்த 266-வது அறிக்கை, பாதிக்கப்பட்டவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தரும் அதிகாரத்தை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குக் கொடுக்கச் சொன்னது. வழக்கறிஞர்களின் கடும் எதிர்ப்பு எழுந்தது, பரிந்துரை சட்டமாகவில்லை. இங்கிலாந்தில் 2010 முதல் இயங்கும் சட்டக் குறைதீர்ப்பாளர், மோசமான சேவைக்கு 50,000 பவுண்டு வரை இழப்பீடு கொடுக்க உத்தரவிட முடியும். அதனால் அங்கே வழக்கறிஞர் தொழில் அழிந்துவிடவில்லை.

வழக்கறிஞர்களின் அச்சத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பொய்ப் புகார்கள் வருகின்றன. எதிர்க்கட்சிக்காரரே பழிவாங்கப் புகார் கொடுப்பதும் உண்டு. அப்படியொரு புகாரை விசாரணைக்கு எடுத்ததற்காக 2025 செப்டம்பரில் மகாராஷ்டிரா–கோவா பார் கவுன்சிலுக்கு 50,000 ரூபாய் செலவுத் தொகை விதித்தது உச்ச நீதிமன்றம். அச்சமின்றி வாதாட வழக்கறிஞருக்குப் பாதுகாப்பு தேவை. அந்தப் பாதுகாப்பு கட்சிக்காரருக்காக வாதாடுவதற்குத்தான். கட்சிக்காரரிடமிருந்து தப்பிப்பதற்கு அல்ல.

வழக்கறிஞர்களைத் தண்டிக்கும் அதிகாரம் ஒருகாலத்தில் உயர் நீதிமன்றங்களிடம் இருந்தது. 1961-ன் சட்டம் அதை வழக்கறிஞர்களிடமே ஒப்படைத்தது. சுதந்திரமான தொழில் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் என்ற பெரிய நம்பிக்கை அது. இன்று விசாரிக்கும் மூவரும் வழக்கறிஞர்கள். புகார் கொடுத்தவரின் இடத்திலிருந்து பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. அந்தக் குழுவில் தொழிலுக்கு வெளியே உள்ள ஒருவருக்கு இடம் வேண்டும். ஓராண்டுக் கெடு தாண்டிய புகார்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு கவுன்சிலும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 35-வது பிரிவில் இழப்பீடு என்ற ஒரு சொல் சேர வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்யும் ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்களே இதை முன்நின்று கேட்க வேண்டும். ஏனெனில் ஒருவர் ஏமாற்றும்போது சந்தேகம் விழுவது கறுப்பு அங்கி அணிந்த எல்லோர் மேலும்தான்.

(அடுத்த வாரம்: இலவச சட்ட உதவி – யாருக்கு உரிமை, எங்கே கேட்பது?)