சாயங்காலம் ஆனா கண் இமை தொங்குதா? தூக்கம்னு விட்டுடாதீங்க!

சிற்றாறு தாமிரபரணியோட சேருற ஊர் சீவலப்பேரி. நம்ம உடம்புலயும் இப்படி ஒரு சந்திப்பு இருக்கு... நரம்பும் தசையும் சந்திக்கிற இடம். ஆனா, இங்கே ரெண்டும் ஒண்ணாக் கலக்காது. நடுவுல நுண்ணிய இடைவெளி. நரம்பு, அசிட்டைல்கோலின்ங்கிற ரசாயனத்தைத் தூது அனுப்பும். தசையில இருக்குற ‘ஏற்பி’ புரதம் அதை வாங்கினாதான் தசை வேலை செய்யும்.

பாம்பு கடிக்காமலே...

தரையில படுத்துத் தூங்குறவங்களை ராத்திரியில கட்டுவிரியன் கடிச்சா, பெருசா வலியோ வீக்கமோ இருக்காது. விடியுறப்போ இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு திணறும். காரணம், அதோட விஷம் தாக்குறது இந்தச் சந்திப்பைத்தான்.

பாம்பே கடிக்காம இமை தொங்கினா? ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ஸா இருக்கலாம். நம்ம எதிர்ப்பு சக்தியே ஆன்டிபாடிகளை உருவாக்கி, அந்த ஏற்பிகளைத் தாக்குற நோய் இது. காலையில நல்லா இருப்பாங்க. நேரம் ஆக ஆக இமை தொங்கும், பார்வை ரெண்டாத் தெரியும், சாப்பாட்டை மெல்லவே களைப்பா இருக்கும். 1980-கள்ல நடிகர் அமிதாப் பச்சனுக்கும் இந்த நோய் வந்துச்சு.

விஷமே தூண்டில்!

1963-ல தைவான் விஞ்ஞானிகள் சாங், லீ ரெண்டு பேரும், அங்கே இருக்குற ஒரு கட்டுவிரியன் இனத்தோட விஷத்துல இருந்து ‘ஆல்ஃபா பங்காரோடாக்சின்’ங்கிற நச்சைப் பிரிச்சாங்க. அது இந்த ஏற்பியை அவ்வளவு இறுக்கமா பிடிச்சுக்கும். அதையே தூண்டிலாக்கித்தான் ரத்தப் பரிசோதனையை உருவாக்கினாங்க.

இன்னொரு வழி, எலிசா கிட். ஒரு தட்டுல 96 குழி. பொதுவான முறையில, குழிகள்ல ஏற்பி புரதம் பூசியிருக்கும். ரத்தத்துல இருந்து பிரிச்ச சீரத்தை விடுவாங்க. ஆன்டிபாடி இருந்தா ஒட்டிக்கும், மத்ததைக் கழுவிடுவாங்க. அப்புறம் ஒரு நொதி சேர்ந்த திரவம் ஊத்தினா நிறம் மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு ஆன்டிபாடி.

கவனிங்க!

கூகுள்ல தேடினா, ஏற்பி புரதத்தோட அளவையே பார்க்குற கிட்களும் வரும். அதுல பல கிட்கள் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’னு விக்கிறவை. நோயைக் கண்டுபிடிக்க டாக்டர் எழுதித் தர்றது ஆன்டிபாடி டெஸ்ட்.

‘நெகட்டிவ்’னு வந்தாலும் நிம்மதியா இருந்துட முடியாது. உடம்பு முழுக்கப் பரவின நோய்ல சுமார் 85 சதவிகிதம் பேருக்கு இந்த ஆன்டிபாடி தெரியும். கண்ணை மட்டும் பாதிச்சிருந்தா, ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். அப்போ ‘மஸ்க்’ங்கிற இன்னொரு தசைப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியையும், நரம்பைத் தூண்டிப் பார்க்குற சோதனையையும் செய்வாங்க.

மாத்திரைகளால கட்டுப்படுத்தக்கூடிய நோய்தான் இது. இமை அடிக்கடி தொங்கினா நரம்பியல் டாக்டரைப் பாருங்க. ஆனா, தூங்கி எழுந்ததும் திடீர்னு இமை தொங்கினாலோ, மூச்சு திணறினாலோ டெஸ்ட், ரிசல்ட்னு காத்திருக்காதீங்க. உடனே 108-க்கு போன் போடுங்க!