சிதறால் சமணப் பள்ளி

சிதறால் சமணப் பள்ளி கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திற்கு அருகிலுள்ள சிதறால் என்னும் ஊரின் குன்றில் அமைந்துள்ளது. இங்குச் சமணத் துறவியர் தங்கி வாழ்ந்தனர். கல்வெட்டுகளில் திருச்சாரணத்து மலை, திருச்சாணத்து மலை எனவும், மக்கள் வழக்கில் சொக்கன்தூங்கி மலை எனவும் இக்குன்று அழைக்கப்படுகிறது. பள்ளி என்ற சொல் பழந்தமிழில் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தையும் குறிக்கும். பள்ளிக்கூடம் என்னும் இன்றைய சொல் இதிலிருந்தே வந்தது என்பது பரவலான கருத்தாகும்.

வரலாறு

ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டு இங்குள்ளது. அம்மன்னனின் காலம் கி.பி. 9ஆம் நூற்றாண்டின் இறுதியும் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கமும் ஆகும். பேராயக்குடி அரட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர், இம்மலையில் உள்ள படாரியாருக்குப் பொன்னணிகள் அளித்த செய்தியை அது கூறுகிறது.

குரத்தி என்பது குரவர், அதாவது ஆசிரியர் என்பதன் பெண்பால். மலைவாழ் பெண்ணைக் குறிக்கும் குறத்தி என்பது வேறு சொல். ஆகவே கொடையளித்தவர் ஒரு பெண் துறவி, கற்றவர். தூத்துக்குடி மாவட்டக் கழுகுமலையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செய்வித்தோர் பட்டியலிலும் திருச்சாரணத்துக் குரத்திகள் இடம்பெறுகின்றனர். மேலும் அங்குள்ள கல்வெட்டுகள் பெண் ஆசிரியர்களையும் அவர்களது மாணாக்கர்களையும் குறிப்பிடுகின்றன. இடைக்காலத் தமிழகத்தில் பெண்கள் கற்பித்தமைக்கு இதைவிடத் தெளிவான சான்றுகள் மிகக் குறைவே.

13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்விடம் பகவதி கோவிலாக மாறியது. சிற்பங்கள் அழிக்கப்படவில்லை; வழிபாடு தொடர்ந்ததே அவை எஞ்சியமைக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

காணத்தக்கவை

கல் பாவிய பாதை குன்றின் மேலே செல்கிறது. உச்சியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த பெரும்பாறைகள் இயற்கையான குகையை உண்டாக்கியுள்ளன. அதன் முன்னே பிற்காலத்தில் கட்டிய மண்டபமும், பாறையின் மேல் சிதைந்த செங்கல் கோபுரமும் உள்ளன. மண்டபத்துள் நுழையுமுன் வெளிப்பாறையைப் பார்ப்பது நன்று. முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர்கள், பாம்பு படம் விரித்த பார்சுவநாதர், சிங்கத்துடனும் குழந்தைகளுடனும் நிற்கும் அம்பிகை ஆகியோரின் புடைப்புச் சிற்பங்கள் அங்கேயே உள்ளன. சாய்வான காலை வெயிலில் புடைப்புகள் தெளிவாகத் தெரியும்.

அருகில் ஒரு சுனை உள்ளது. மேலிருந்து தென்னந்தோப்புகளையும், மேற்குத் தொடர்ச்சி மலையையும், குழித்துறைத் தாமிரபரணி ஆற்றையும் காணலாம் (இது திருநெல்வேலித் தாமிரபரணி அன்று). இச்சின்னம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.