துப்பாக்கி வேண்டாம், காமிரா போதும்!
வேடந்தாங்கல் பறவைகளை எட்ட நின்று படம் பிடிப்பது எப்படி?

பாலாற்றங்கரையில் உள்ள ஊர் வாலாஜாபாத். காஞ்சீபுரம் பட்டுக்குப் பக்கத்து ஊர். இங்கிருந்து ரெயிலில் செங்கல்பட்டு போய், படாளம் வழியாகச் சென்றால் வேடந்தாங்கல் ஏரி வந்துவிடும்.

மழைக்காலம் வந்ததும் அந்த ஏரி பறவைகளின் பிரசவ ஆஸ்பத்திரி ஆகிவிடும்! கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும்.

குண்டுக்கு இரையான பறவைகள்

கும்பெனி ஆட்சியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் இந்தப் பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு 1798-ல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அந்த உரிமை புதுப்பிக்கப்பட்டது.

ஊரார் ஏன் இவ்வளவு பாடுபட்டார்கள்? பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர், வயலுக்கு நல்ல உரம்! 2022-ல் இந்த ஏரி உலகப் புகழ்பெற்ற 'ராம்சார்' பட்டியலில் இடம் பெற்றது.

எழுத்தாளர் மகன் செய்த காமிரா

காட்டு விலங்குகளைப் படம் எடுப்பதில் கொடிகட்டிப் பறந்தவர் மா.கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்து, தானே ஒரு காமிரா செய்து கொண்டார். 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாக அதற்குப் பெயரும் வைத்தார்! கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுப்பார். 'பத்மஸ்ரீ' பட்டம் பெற்றார்.

இன்று அவ்வளவு சிரமம் இல்லை. 'சூப்பர் ஜூம்' காமிரா ஒன்று தோள் பையில் இருந்தால் போதும். 2018-ல் வந்த 'நிக்கான் பி-1000' காமிரா 125 மடங்கு கிட்டே இழுத்துக் காட்டும். எடை சுமார் 1.4 கிலோ.

இது எப்படி முடிகிறது? பழைய பிலிமில் ஒரு படத்தின் அகலம் 36 மில்லி மீட்டர். இந்தக் காமிராவுக்குள் படம் பதியும் தகட்டின் அகலம் 6 மில்லி மீட்டர் சொச்சம்தான்! தகடு சிறுத்ததால் லென்சும் சிறுத்தது.

ஆனால் அதில் ஒரு குறையும் உண்டு. சின்னத் தகடு கொஞ்சம் வெளிச்சத்தைத்தான் வாங்கும். அந்தி மயங்கினால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும்.

கவனிக்க வேண்டியவை

* காலை வெயிலும் மாலை வெயிலும் நல்லவை. உச்சி வெயிலில் கானல் அலையும், படம் கலங்கும்.
* முதலில் அகலமாகப் பார்த்துப் பறவையைக் கண்டுபிடியுங்கள். பிறகு மெள்ள இழுங்கள்.
* தூரம் கூடக் கூட, சிறு நடுக்கமும் பெரிதாகும். கைப்பிடிச் சுவரில் காமிராவை அணைத்து வையுங்கள்.
* பறக்கும் பறவைக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வையுங்கள்.
* 'டிஜிட்டல் ஜூம்' வேண்டாம். அது படத்தை ஊதிப் பெரிதாக்குமே தவிர, புதிதாக எதையும் காட்டாது.
* கூடுதலாக ஒரு பாட்டரி எடுத்துச் செல்லுங்கள்.

கிட்டே போனால் ஆபத்து!

யாருக்கு ஆபத்து? குஞ்சுக்கு!

தாய் நாரை சிறகை விரித்து, வெயில் படாமல் குஞ்சுக்கு நிழல் கொடுக்கும். மனிதன் நெருங்கினால் அது பயந்து பறந்துவிடும். இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடும். காத்திருக்கும் காகம் முட்டையைக் கொத்திச் செல்லும். ஒரு படத்துக்காக ஒரு கூடே அழிந்து போகலாம்!

கரையில் நின்றபடியே நாரையின் கண்ணைக் காட்டும் காமிரா கையில் இருக்கிறது. பிறகு எதற்குக் கூட்டருகே போக வேண்டும்? கையைத் தட்டாதீர்கள், கல் எறியாதீர்கள், 'பிளாஷ்' அடிக்காதீர்கள். சற்றுப் பொறுத்திருங்கள். மாலையில் இரை தேடப் போன பறவைகள் வரிசை வரிசையாகக் கூடு திரும்பும். அப்போது குழந்தைகளிடமும் காமிராவைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்!