மாதம் 1,000 ரூபாயோடு நின்றுவிடாதீர்கள்

மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சொந்த ஊரில் இருப்பவர்கள் பலர், பென்ஷனோடு வரும் 1,000 ரூபாய் மருத்துவப்படிதான் அரசு தரும் மருத்துவ உதவி என்று இருந்துவிடுகிறார்கள். அந்தப் படி வெளிநோயாளிச் செலவுக்கு மட்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கே அது போய்விடும். ஆஸ்பத்திரியில் படுத்தால் கைக்காசுதான்.

மத்திய அரசு சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸின் மருந்தகம் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மாதப்படியையும் வாங்கிக்கொண்டு, உள்நோயாளி சிகிச்சைக்கு சி.ஜி.எச்.எஸ். அட்டையும் எடுக்கலாம். கும்பகோணத்தில் இருப்பவர் திருச்சியில் பதிந்துகொள்ளலாம். இதை யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை. விருப்பத்தை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். (ரயில்வேக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் தனித் திட்டங்கள்.)

சந்தா, ஓய்வுபெற்றபோது இருந்த சம்பள நிலையைப் பொறுத்து மாதம் 250 முதல் 1,000 ரூபாய் வரை. பத்தாண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் ஆயுள் அட்டை. மாதம் 650 ரூபாய் பிரிவில் இருந்தவருக்கு 78,000 ரூபாய். மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் பைபாஸ் ஆன 65 வயதுக்காரர் தனியார் காப்பீடு கேட்டுப் போனால் தெரியும்: பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம், கூடுதல் பிரீமியம், சில சமயம் நேரடி மறுப்பு. சி.ஜி.எச்.எஸ்.ஸில் பழைய நோய் என்ற பேச்சே இல்லை.

சிக்கல் வருவது அவசரத்தில். நெஞ்சுவலி வந்தவரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அது சி.ஜி.எச்.எஸ். அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்? அவசர சிகிச்சை என்றால் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிச் செலவையும் கோரலாம். ஆனால் பொதுவாக சி.ஜி.எச்.எஸ். கட்டண அளவுக்குத்தான் பணம் வரும். மீதி நம் தலையில். மறுத்தால், சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரல் 13 அன்று அளித்த தீர்ப்பைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். அவரும் ஓய்வுபெற்ற அதிகாரிதான். பட்டியலில் ஆஸ்பத்திரியின் பெயர் இல்லை என்பதற்காக மட்டும் பணத்தை மறுக்கக் கூடாது, சிகிச்சை நிஜமாக நடந்ததா என்றே பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போதே அசல் பில்களையும், அவசரமாகச் சேர்க்கப்பட்டதைக் குறிப்பிடும் சான்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு போனால் அலைய விடுவார்கள். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகையும் பெறுங்கள்.

பென்ஷன்தாரர் இறந்தால், குடும்ப ஓய்வூதியம் பெறும் துணை அட்டையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) நகலும் இறப்புச் சான்றும் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.